பெட்டியோடு வந்த விளையாட்டு: கொன்சோல்களும் அவற்றின் முதற் பாடங்களும்

வீடியோ விளையாட்டுக்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு. எழுதுபவர்களிலும் பெரும்பாலானோர் 'பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்' என்ற ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். அரை நூற்றாண்டு வரலாறு கொண்ட ஒரு துறையை இவ்விதம் ஒதுக்கி வைப்பது சரியல்ல என்பது என் கருத்து. அத்துறையின் ஒரு சிறு மூலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். புதிதாக ஒரு கொன்சோலை (தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் பெட்டியை) வாங்கும்போது அதே அட்டைப்பெட்டிக்குள் விலையில்லாமல் கூடவே வரும் விளையாட்டு பற்றியது இது. விலையில்லாமல் என்று சொன்னாலும் உண்மையில் அதன் விலை பெட்டியின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'உடன்வரு விளையாட்டு' என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இதன் பொருளாதாரத்தைப் பார்ப்போம். கொன்சோல் வியாபாரம் பெரும்பாலும் சவர அலகு வியாபாரத்தைப் போன்றது. கைபிடியைக் குறைந்த இலாபத்துக்கோ சில வேளைகளில் நட்டத்துக்கோ விற்றுவிட்டு, அலகுகளில் பணம் பார்ப்பார்கள். இங்கே அலகு என்பது விளையாட்டு. ஆகவே ஒரு நல்ல விளையாட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பதென்றால் நிச்சயமாக விற்கக்கூடிய ஒரு பொருளை இழப்பது என்று அர்த்தம். அதனால்தான் ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் இது பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. விற்பனைப் பகுதியினர் 'வை' என்பார்கள். உருவாக்கியவர்கள் 'எங்கள் உழைப்பை இலவசமாக்காதே' என்பார்கள்.

உலகின் முதலாவது வீட்டுக் கொன்சோலான மக்னவொக்ஸ் ஒடிசி 1972 இல் வெளிவந்தது. ஜெர்மனியிலிருந்து சிறுவனாக அமெரிக்காவுக்குத் தப்பி வந்த ரால்ஃப் பேயர் என்ற பொறியியலாளரின் கண்டுபிடிப்பு அது. அதன் பெட்டியைத் திறந்தால் தாயக்கட்டை, போலி நாணயத்தாள்கள், தொலைக்காட்சித் திரையில் ஒட்டி வைக்கும் வண்ணப் பிளாஸ்ரிக் தாள்கள் எல்லாம் இருக்கும். இயந்திரத்துக்கு வரையத் தெரிந்தது சில வெள்ளைப் புள்ளிகளையும் ஒரு கோட்டையும்தான். மீதியை மனிதர்கள் கற்பனையில் நிரப்பிக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சி என்றால் உட்கார்ந்து பார்ப்பது என்று மட்டுமே அறிந்திருந்த மக்களுக்கு, அதைக் கையால் ஆட்டலாம் என்பதை விளக்க இத்தனை சாமான்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

1977 இல் வந்த அட்டாரி கொன்சோலுடன் 'கொம்பட்' என்ற விளையாட்டு வந்தது. டாங்கிகளும் விமானங்களும் ஒன்றையொன்று சுடும் எளிமையான விளையாட்டு. இதில் கவனிக்க வேண்டியது, இதைத் தனியாக விளையாட முடியாது என்பதுதான். பெட்டிக்குள் இரண்டு பிடிகள் இருந்தன. விளையாட்டும் இரண்டு பேரைக் கேட்டது. அண்ணன் தம்பியை, தகப்பன் மகனைக் கூப்பிட்டாக வேண்டும். 1982 இல் அட்டாரி 'கொம்பட்'டை எடுத்துவிட்டு 'பக்மான்' விளையாட்டைப் பெட்டிக்குள் வைத்தது. விளையாட்டுக் கூடங்களில் பெரும் புகழ் பெற்றிருந்த பக்மானின் அவசரமான, கண் கூசும்படி மினுங்கும் வீட்டுப் பதிப்பு அது. அதே வருடம் கொலிகோ நிறுவனம் 'டொங்கி கொங்' விளையாட்டைத் தன் கொலிகோவிஷனுடன் சேர்த்துக் கொடுத்தது. கூடத்தில் பார்த்ததற்குக் கிட்டத்தட்ட ஒப்பான பதிப்பு. முதல் நாளில் வீட்டில் பார்ப்பது மோசமாக இருந்தால் மிச்சத்தையும் மோசம் என்றே மக்கள் எண்ணுவார்கள். 1983 இல் வட அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. பக்மான் தந்த ஏமாற்றமும் அவற்றில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

அந்தச் சரிவுக்குப் பின் கடைக்காரர்கள் வீடியோ விளையாட்டு என்ற சொல்லையே கேட்க விரும்பவில்லை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் தன் கொன்சோலைப் பரீட்சித்துப் பார்த்தபோது, 'றொப்' என்ற சிறு ரோபோ பொம்மையையும் ஒரு துவக்கையும் கூட வைத்தது. இது வீடியோ விளையாட்டல்ல, நவீன விளையாட்டுப் பொம்மை என்று காட்டுவதற்கான உத்தி. ரோபோ விரைவில் காணாமற் போய்விட்டது. நிலைத்தது 'சுப்பர் மரியோ பிரதர்ஸ்'. 1988 இல் வாத்துச் சுடும் விளையாட்டும் மரியோவும் ஒரே கார்ட்ரிஜில் பெட்டியோடு வந்தன. மரியோவின் முதல் விளையாட்டு உலகம் முழுவதும் நான்கு கோடிக்கும் மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி பெட்டியோடு போனதுதான். கேட்டு வாங்கியவர் எத்தனை பேர், கையில் வந்து விழுந்ததால் விளையாடியவர் எத்தனை பேர் என்று பிரிக்க இயலாது. ஆனால் கையில் வந்து விழுந்ததை மீண்டும் மீண்டும் விளையாடினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இங்கே சற்று நின்று பேச வேண்டும். மரியோவின் முதற் கட்டம் ஒரு பாடப்புத்தகத்தின் முதற்பக்கத்தைப் போன்றது. மரியோ திரையின் இடப்பக்கத்தில் நிற்கிறான். வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஆகவே வலப்பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லாமலே புரிகிறது. முதல் எதிரி மெல்ல நடந்து வருகிறது. சும்மா நின்றால் சாவு, குதித்தால் தப்பலாம், தவறி அதன் தலையில் விழுந்தால் அது நசுங்கும். கேள்விக்குறி போட்ட கட்டையை முட்டினால் காசு. அடுத்த கட்டையிலிருந்து வரும் காளான் விலகி ஓடிக் குழாயில் மோதித் திரும்பி உங்களிடமே வரும். தப்பிக்க முயன்றாலும் பெரும்பாலும் அது உங்களைத் தொட்டுவிடும்; தொட்டதும் மரியோ பெரியவனாகிறான். ஒரு வார்த்தையும் வாசிக்கத் தேவையில்லை. இதை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோ, அந்த முதற் கட்டத்தைத் திட்டமிட்டே இவ்விதம் அமைத்ததாகப் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

இந்த 'வார்த்தை வேண்டாம்' என்ற விடயம் ரொறன்ரோவில் எங்களுக்கு எவ்வளவு முக்கியமாயிருந்தது என்பதை எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள் அறிவார்கள். கனடாவில் பெட்டியின் வெளியே எல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டுமே தெரியாத பிள்ளைகள் எங்கள் அடுக்குமாடிகளில் இருந்தார்கள். என் அக்காவின் மகன் 1992 இல் ஊரிலிருந்து வந்து, பாடசாலையில் வாய் திறக்காமல் மூன்று மாதம் இருந்தான். அந்தக் குளிர்காலத்தில் சுப்பர் நின்டெண்டோ வாங்கிக் கொடுத்தோம். கூட வந்தது 'சுப்பர் மரியோ வேர்ல்ட்'. இரண்டாவது விளையாட்டு வாங்க யாருக்கும் வசதியில்லை. அந்த நவம்பரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 6 டொலர் 35 சதம். ஒரு கார்ட்ரிஜின் விலை ஒன்றரை நாள் உழைப்பு. ஆகவே ஒரு வருடம் முழுவதும் அவனுக்கு அந்த ஒரே விளையாட்டுத்தான். ஆனால் அவன் வகுப்பில் கொன்சோல் வைத்திருந்த மற்றப் பிள்ளைகளிடமும் அதே விளையாட்டு இருந்தது. மறைவான கதவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் கீறிக் காட்டித்தான் அவன் முதலாவது நண்பனைச் சம்பாதித்தான். தனித்தனியாக விற்ற விளையாட்டுக்களில் இது நடந்திருக்காது. யார் வீட்டில் எது இருக்கும் என்பது அவரவர் பணத்தைப் பொறுத்ததாகியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் பாலபாடத்தில் தொடங்கிப் படித்த தலைமுறைகளுக்கு அது பொதுவான ஒரு பிரதியாக இருந்ததல்லவா? பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதற்கு அப்பால், எல்லோரும் வாசித்தது. உடன்வரு விளையாட்டும் அப்படித்தான். தெரிவு செய்து வாசிப்பது இரண்டாவது புத்தகத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது.

1989 இல் வந்த கேம் பாய் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. கையடக்கமான, வண்ணமற்ற, பச்சை பூத்த சிறு திரை. மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்நோவ் 1984 இல் உருவாக்கிய 'டெட்ரிஸ்' அதனுடன் சேர்ந்து வந்தது. அதன் உரிமையைப் பெறுவதற்காக 1989 பெப்ரவரியில் அழைப்பின்றி மொஸ்கோ போனவர் ஹெங்க் ரோஜர்ஸ். நின்டெண்டோவின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் மினோரு அரகாவாவிடம் அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. சிறுவர்கள் மட்டும் வாங்கினால் போதுமென்றால் மரியோவை வையுங்கள், எல்லோரும் வாங்க வேண்டுமென்றால் டெட்ரிஸை வையுங்கள் என்றாராம். ரோஜர்ஸே சொல்லும் கதை, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனாலும் நடந்தது அதுதான். ரொறன்ரோவின் சுரங்க ரயிலில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் கேம் பாயும் கையுமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வட அமெரிக்கப் பெட்டியில் இரண்டு கேம் பாய்களை இணைக்கும் வயரும் இருந்தது. இயந்திரத்தின் புதிய ஆற்றல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமானும், அதைப் பயன்படுத்தக் காரணமாக ஒரு விளையாட்டும்.

அதே பெட்டிக்குள் நான்கு சிறு பற்றரிகளும் இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பற்றரிகள் கொண்டு செல்லத் தடையிருந்தது. மின்சாரமும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். அங்கிருந்து வந்த பிள்ளைக்கு, விளையாட்டுச் சாமானோடு நான்கு பற்றரிகளைச் சும்மா தருகிறார்கள் என்பது டெட்ரிஸை விடப் பெரிய அதிசயம்.

தமிழ்நாட்டின் கதை வேறு. அங்கே இக்கொன்சோல்கள் அதிகாரபூர்வமாகப் பரவலாகக் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் நின்டெண்டோவின் நகல்கள் 'டிவி கேம்', 'வீடியோ கேம்' என்ற பெயரில் வந்தன. மீடியா வீடியோ நிறுவனத்தின் 'லிட்டில் மாஸ்டர்' போன்றவற்றைச் சிலர் நினைவு வைத்திருப்பார்கள். கூடவே ஒரு 'கேசட்'. அதன் மேல் 9999 விளையாட்டுக்கள் என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் ஒரு சில விளையாட்டுக்களே திரும்பத் திரும்ப வேறு வேறு பெயர்களில் வரும். மரியோ, கொன்ரா, டாங்கிச் சண்டை, கார் ஓட்டம், சர்க்கஸ், வாத்துச் சுடுதல். பெருந்தலைமுறையொன்றின் விளையாட்டு ரசனை இந்தத் திருட்டுத் தொகுப்பால் உருவானது. தொகுத்தவர் யாரென்று தெரியாது; ஆனால் நல்ல ரசனையுள்ள ஆசாமி. நம் தனிப்பாடல் திரட்டுக்களைத் தொகுத்தவர்களைப் போல என்று சொன்னால் தமிழறிஞர்கள் கோபிக்கக்கூடும்.

மீண்டும் இங்கே வருவோம். சேகா நிறுவனம் 1989 இல் அமெரிக்காவில் ஜெனிசிஸ் கொன்சோலை வெளியிட்டபோது 'ஓல்ட்டர்ட் பீஸ்ட்' என்ற விளையாட்டைச் சேர்த்திருந்தது. மனிதன் மிருகமாக மாறிப் பேய்களை அடிப்பது. 1990 இல் சேகாவின் அமெரிக்கப் பிரிவுக்குத் தலைமையேற்ற டொம் கலின்ஸ்கி (முன்பு பார்பி பொம்மை விற்ற மட்டெல் நிறுவனத்தில் இருந்தவர்) இதை எடுத்துவிட்டு, விலையையும் குறைத்து, புதிதாக வந்த 'சொனிக்' விளையாட்டைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றார். ஜப்பானிய மேலிடத்துக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கிறது. எதிர்ப்பின் நடுவே தலைவர் ஹயாவோ நகயாமா அவருக்கு அனுமதி கொடுத்தார் என்கிறார்கள். 1991 இல் 199 டொலர் சுப்பர் நின்டெண்டோவுக்கு எதிரே 149 டொலர் ஜெனிசிஸ், சொனிக்குடன். அதற்குப் பிறகு சில வருடங்கள் அமெரிக்கச் சந்தையில் சேகா நின்டெண்டோவுக்குச் சமமாக நின்றது.

பின்னர் இவ்வழக்கம் மங்கியது. 1995 இல் சோனியின் பிளேஸ்டேஷன் 299 டொலருக்கு வந்தபோது முழு விளையாட்டு எதுவும் கூட வரவில்லை. பல விளையாட்டுக்களின் மாதிரிகள் அடங்கிய ஒரு குறுவட்டு மட்டுமே. அதே வருடம் சேகா சட்டர்ன் 'வேர்ச்சுவா ஃபைட்டர்' விளையாட்டுடன் 399 டொலருக்கு வந்து தோற்றது. மக்கள் முதலில் பார்ப்பது விலையைத்தான். 2000 இல் வந்த பிளேஸ்டேஷன் 2 உம் தனியாகத்தான் வந்தது. அது 16 கோடி விற்று இன்றுவரை முதலிடத்தில் நிற்கிறது. ஆகவே உடன்வரு விளையாட்டு இல்லாவிட்டால் கொன்சோல் தோற்கும் என்று சொல்வது தவறு. ஒரு கொன்சோல் பழையதன் மேம்பட்ட வடிவம் என்றால் அதை விளக்கத் தேவையில்லை. முற்றிலும் புதிய ஒரு செயலை அது கேட்டால்தான் விளக்கம் வேண்டும்.

அப்படிக் கேட்டது நின்டெண்டோவின் 'வீ'. 2006 நவம்பர் 19 இல் கனடாவில் 280 டொலருக்கு வந்தது. கையிலுள்ள பிடியை வீசினால் திரையில் மட்டை வீசும். இதை எந்த விளம்பரத்தாலும் சொல்லிப் புரியவைக்க முடியாது. 'வீ ஸ்போர்ட்ஸ்' வட அமெரிக்காவில் பெட்டியோடு வந்தது. ஜப்பானில் தனியாக விற்கப்பட்டது. ஹெயிட்டியிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த றெஜி ஃபிஸ்-எமே அப்போது அமெரிக்கப் பிரிவின் தலைவர். பெட்டியோடு கொடுக்க வேண்டும் என்று தான் வற்புறுத்தியதையும், மியமோட்டோ அதைக் கடுமையாக எதிர்த்ததையும் 2022 இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். முடிவில் வீ பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. வீ ஸ்போர்ட்ஸ் 8 கோடி 29 இலட்சம் பிரதிகள். டென்னிஸ், பேஸ்போல், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என ஐந்து. கிரிக்கெட் இல்லை என்பது எங்களுக்குக் குறைதான். ஆயினும் பேஸ்போல் மட்டையைக் கிரிக்கெட் மட்டையாகப் பாவித்துக் கால் முன்வைத்து அடித்த அப்பாமார் ஸ்கார்பரோவில் பலர்.

வீ ஸ்போர்ட்ஸுக்கும் ரொறன்ரோவுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இங்குள்ள சென். மைக்கல்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக்கும் அவரது குழுவினரும், பக்கவாதத்தால் கை பலவீனமடைந்தவர்களுக்கு வீயைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010 இல் 'ஸ்ட்ரோக்' மருத்துவ இதழில் வெளியான அந்தச் சிறு ஆய்வில் 22 நோயாளர்கள். ஒரு பகுதியினர் வீ ஸ்போர்ட்ஸும் 'குக்கிங் மாமா' என்ற சமையல் விளையாட்டும் விளையாடினார்கள். மறுபகுதியினர் சீட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்கும் ஜெங்கா போன்றவற்றை. வீ விளையாடியவர்களின் கை இயக்கம் கூடுதலாக முன்னேறியது. பத்திரிகைகள் மகிழ்ந்தன. பல வீடுகளில் தாத்தாவுக்கு என்றே வீ வாங்கினார்கள்.

ஆனால் சபோஸ்னிக் குழுவினர் அத்துடன் நிற்கவில்லை. கனடா, ஆர்ஜென்ரீனா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 141 நோயாளர்களைக் கொண்டு பெரிய ஆய்வொன்றைச் செய்து, 2016 இல் 'லான்செட் நியூரொலொஜி' இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரு பகுதியினரும் முன்னேறினார்கள். வீக்கும் சீட்டுக்கட்டுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. கையை அசைக்க வைக்கும் எளிய, மலிவான விளையாட்டு எதுவானாலும் அதே பயன் தரலாம் என்பது அதன் சாரம். இரண்டாவது ஆய்வு பற்றி எங்கள் வட்டாரத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. முதலாவது இன்னும் விருந்துகளில் சொல்லப்படுகிறது. பக்கவாதம் வந்த உறவினருக்குப் பழைய வீ தேடி அலைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 304 விளையாடத் தெரிந்த நாலு பேர் வாரத்தில் சில நாட்கள் வந்து அமர்ந்தால் அதுவும் குறைந்ததல்ல. ஆனால் அந்த நாலு பேர் எங்கே? இந்நகரில் அவர்களைச் சேர்ப்பதுதான் கடினம். வீ ஸ்போர்ட்ஸில் எதிராளி பெட்டிக்குள்ளேயே இருந்தார்.

2012 இல் வந்த 'வீ யூ'வின் விலை கூடிய பெட்டியில் 'நின்டெண்டோ லாண்ட்' இருந்தது. தொலைக்காட்சி ஒன்று, கையில் இன்னொரு திரை. இரண்டும் எதற்கு என்பதை அந்த விளையாட்டால் சொல்ல முடியவில்லை. மொத்தமே 1 கோடி 36 இலட்சம்தான் விற்றது. 2017 இன் 'சுவிட்ச்' எதையும் உடன் கொண்டுவராமல் 15 கோடியைத் தாண்டியது. 2020 இல் சோனி பிளேஸ்டேஷன் 5 ஒவ்வொன்றிலும் 'அஸ்ட்ரோஸ் பிளேரூம்' என்ற சிறு விளையாட்டைப் பதித்தே அனுப்பியது. புதிய பிடியின் அதிர்வுகளையெல்லாம் விளக்குவதற்காக உருவானது. அதன் தொடர்ச்சியான 'அஸ்ட்ரோ பொட்' 2024 டிசெம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தெரிவாயிற்று.

2025 ஜூன் 5 இல் சுவிட்ச் 2 வெளியானபோது கனடிய விலை 629.99 டொலர். 'மரியோ கார்ட் வேர்ல்ட்' விளையாட்டுடன் 699.99. ஒன்ராறியோவின் 13 வீத வரியையும் சேர்த்தால் 791 டொலர். கூட வருவது கார்ட்ரிஜ் அல்ல. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் உரிமை. கொன்சோலை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் 'வெல்கம் ரூர்' என்பதற்குக் கூடத் தனி விலை வைத்தார்கள். இதுவாவது பெட்டியோடு வந்திருக்க வேண்டும் என்று பலர் முணுமுணுத்தது நியாயமே. இறக்கிய விளையாட்டை மச்சான் வீட்டுக்குக் கார்ட்ரிஜாகக் கொடுத்தனுப்ப முடியாது. பழைய சாமான் கடையில் விற்கவும் முடியாது. புதிதாக வந்த குடும்பங்களில் விளையாட்டுக்கள் கைமாறிய விதமே அதுதான். இப்போது அந்தப் பங்கை ஓரளவு ரொறன்ரோ பொது நூலகம் செய்கிறது. புத்தகங்களைப் போலவே வீடியோ விளையாட்டுக்களையும் அங்கே இரவல் பெறலாம்.

பழையவற்றைப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு தகவல். பிராண்ட்ஃபோர்ட் நகரில் தனிநபர் கணினி அருங்காட்சியகத்தை நடத்திவந்த சிட் போல்ற்றன் 2018 இல் காலமானார். அவர் சேகரித்த ஆயிரக்கணக்கான விளையாட்டுக்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாக நூலகத்திடம் சேர்ந்துள்ளன. ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரையில், றொச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ரோங் அருங்காட்சியகத்தின் வீடியோ விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் 2015 ஆம் ஆண்டின் முதலாவது தெரிவிலேயே டெட்ரிஸும் சுப்பர் மரியோவும் இடம்பெற்றன. வீ ஸ்போர்ட்ஸ் 2023 இல் சேர்ந்தது. சேகரிப்பாளர் சந்தையில் இவற்றின் கார்ட்ரிஜ்களுக்கும் வட்டுக்களுக்கும் பெரிய மதிப்பில்லை. எங்கும் கிடைக்கின்றன, சில டொலர்களுக்கு. அரிதாகிப் போனது அவை வந்த அட்டைப்பெட்டிதான். அதை யாரும் வைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டியில் அடுத்த வருடம் ஊருக்கு உடுப்பு அனுப்பினோம்.